மஞ்சள் ஜெர்சியும் சந்தேகமும்: அன்றும் இன்றும்

2024 ஜூலை 14. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 15-ஆவது கட்டம் பிரனீஸ் மலைத்தொடரில் உள்ள பிளாட்டோ தெ பெய் உச்சியில் முடிந்தது. கடைசி ஏற்றம் மட்டும் 15.8 கிலோமீட்டர். ஸ்லோவேனியாவின் தடேய் பொகாச்சர் அதை நாற்பது நிமிடத்துக்குள் ஏறி முடித்தார். அந்த மலையில் அதுவரை இருந்த சாதனை, 1998-இல் இத்தாலியின் மார்கோ பந்தானி படைத்தது. பொகாச்சர் அதை மூன்று நிமிடத்துக்கும் மேலாக முறியடித்தார். இரண்டாவதாக வந்த டென்மார்க்கின் யோனாஸ் விங்கேகோர்கூடப் பந்தானியைவிட வேகமாகவே ஏறினார்.

பந்தானி யார் என்பது தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு நெஞ்சில் உறுத்தும். 1999 ஜிரோ டி இத்தாலியாவில் முதலிடத்தில் இருக்கும்போதே, ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு வரம்பைத் தாண்டியதால் பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். ஊக்கமருந்து கரைபுரண்டு ஓடிய காலத்தின் சாதனையை, சோதனைகள் கெடுபிடியாக நடக்கும் காலத்தில் ஒருவர் இவ்வளவு இடைவெளியில் முறியடிக்கிறார் என்றால், 'எப்படி?' என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

இந்தக் கேள்வி சைக்கிள் பந்தயத்துக்குப் புதிதல்ல. ஆனால் அதை யார் கேட்கலாம், கேட்டவருக்கு என்ன நேரும் என்பது அடியோடு மாறிவிட்டது. அன்று சந்தேகப்பட்டவர் தண்டிக்கப்பட்டார். இன்று வென்றவர் சந்தேகத்தைச் சுமக்கிறார்.

ஊரறிந்த ரகசியம்

டூர் டி பிரான்ஸ் 1903-இல் தொடங்கியது. இரண்டாவது ஆண்டே ஏமாற்று வேலை தலைகாட்டிவிட்டது. ரயிலில் ஏறினார்கள், வண்டியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டு போனார்கள் என்றெல்லாம் புகார்கள் குவிந்தன. 1904 பந்தயத்தில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களும் தகுதி நீக்கப்பட்டார்கள். ஐந்தாவதாக வந்த 19 வயது ஆன்ரி கோர்னே வெற்றியாளரானார்.

1924-இல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தை நடுவிலேயே விட்டுவிட்டு, குத்தான்ஸ் ஊரில் ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து ஆல்பேர் லோந்த்ர் என்ற பத்திரிகையாளரிடம் தங்கள் பையைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோஃபார்ம், கூடவே மாத்திரைகள். செய்தி அச்சில் வந்தது. ஊர் அதிர்ந்தது, பிறகு அடங்கியது. நாள் முழுக்க மிதிப்பவன் ஏதாவது போட்டுக்கொள்ளத்தான் செய்வான் என்று பார்த்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். அப்போது அதைத் தடுக்கும் விதியும் கிடையாது.

விதி வந்தது 1960-களில். அது போதவில்லை என்பதை ஒரு மரணம் காட்டியது. 1967 ஜூலை 13 அன்று, மோன் வாந்தூ மலையின் மொட்டைப் பாறைச் சரிவில், கொளுத்தும் வெயிலில், பிரிட்டனின் டாம் சிம்ப்சன் சரிந்து விழுந்து இறந்தார். அவர் உடலில் ஆம்பெட்டமினும் மதுவும் இருந்தன. அவருடைய ஜெர்சியின் பின்பையில் மாத்திரைக் குப்பிகள் கிடைத்தன.

சோதனையை வீரர்கள் அன்று எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு 1978-இல் நடந்ததே போதும். பெல்ஜியத்தின் மிஷெல் பொலெந்தியே ஆல்ப் துவேஸ் மலைக் கட்டத்தை வென்று, மொத்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை அணிந்தார். சிறுநீர் மாதிரி கொடுக்கும் அறைக்குப் போனபோது, அவருடைய அக்குளுக்குள் வேறொருவரின் சிறுநீர் நிரம்பிய ரப்பர் குமிழ் ஒளிந்திருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உடலோடு ஒட்டிக் கீழே இறங்கியது. கையும் களவுமாகப் பிடிபட்டு வெளியேற்றப்பட்டார். கிடைத்த தண்டனை இரண்டு மாதத் தடை. அவ்வளவுதான்.

கேட்டவர் பட்ட பாடு

1990-களில் ஆட்டமே மாறியது. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக உருவான ஈபிஓ என்ற மருந்து பந்தயத்துக்குள் நுழைந்தது. அது சிவப்பணுக்களைப் பெருக்கும். சிவப்பணு பெருகினால் தசைக்குப் போகும் ஆக்சிஜனும் பெருகும். ஆம்பெட்டமின் களைப்பை மறக்க வைத்தது என்றால், ஈபிஓ உடலின் எல்லையையே நகர்த்தியது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது இல்லை. சர்வதேச சைக்கிள் சங்கமான யுசிஐ 1997-இல் செய்ய முடிந்ததெல்லாம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடு போட்டதுதான். மருத்துவர்கள் வீரர்களை அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

1998 ஜூலையில் பெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோவே ஓட்டி வந்த காரைப் பிரான்ஸ்–பெல்ஜியம் எல்லையில் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே ஈபிஓ, வளர்ச்சி ஹார்மோன் என்று ஒரு மருந்துக்கடையே இருந்தது. இதைப் பிடித்தது சோதனைக்கூடம் அல்ல, சுங்கத் துறை. அணி வெளியேற்றப்பட்டது. மறுஆண்டு நடந்த பந்தயத்தைப் 'புதுப்பிறப்பு' என்றார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த அமெரிக்கர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அதை வென்றார்.

அதே 1999 பந்தயத்தில் கிறிஸ்தோஃப் பசோன் என்ற பிரெஞ்சு வீரர் இருந்தார். பெஸ்டினா அணியில் இருந்தும் மருந்தைத் தொடாதவர் என்று அவருடைய சக வீரர்களே விசாரணையில் சொல்லியிருந்தார்கள். அவர் ஒரு நாளிதழில் பந்தயத்தைப் பற்றிப் பத்தி எழுதிவந்தார். மருந்தில்லாமல் இந்த வேகம் சாத்தியமா என்பதே அவருடைய கேள்வி. ஆல்ப் துவேஸுக்குப் போகும் வழியில், மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆம்ஸ்ட்ராங் அவர் பக்கத்தில் வந்தார். நீ பேசுவது விளையாட்டுக்குக் கேடு, வீட்டுக்குப் போ என்ற பொருளில் பேசினார். மற்ற வீரர்களும் பசோனிடம் முகம் கொடுக்கவில்லை. இரண்டொரு நாளில் அவர் பந்தயத்தை விட்டே போனார். அடுத்த இரண்டே ஆண்டில் தொழில்முறை வாழ்க்கையையும் முடித்துக்கொண்டார்.

2004-இல் இன்னொன்று. ஆம்ஸ்ட்ராங்கின் மருத்துவரான மிக்கேலே ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் இத்தாலியின் ஃபிலிப்போ சிமியோனி. 18-ஆவது கட்டத்தில் முன்னால் பிரிந்து சென்ற ஆறு பேரோடு சேர அவர் வேகமெடுத்தார். மொத்தப் பட்டியலில் அவர் எங்கோ பின்னால் இருந்தவர், யாருக்கும் ஆபத்தில்லை. ஆனாலும் மஞ்சள் ஜெர்சியே நேரில் துரத்தி வந்தது. நீ இருந்தால் எங்களுக்கும் வாய்ப்புப் போய்விடும் என்று முன்னால் இருந்தவர்கள் சொல்ல, சிமியோனி பின்வாங்கினார். திரும்பி வரும்போது ஆம்ஸ்ட்ராங் கேமராவைப் பார்த்து, உதட்டில் ஜிப் போடுவதுபோல் விரலை இழுத்துக் காட்டினார்.

அன்றைய பந்தய உலகம் அந்த ஒரு சைகையில் அடங்கிவிடும். வாயைத் திறந்தால் ஊரை விட்டு விலக்கு. ஆம்ஸ்ட்ராங்கின் அணியில் உதவியாளராக இருந்த எம்மா ஓ'ரைலி உண்மையைச் சொன்னார். அவர்மீது வழக்கும் வந்தது, அவர் நடத்தையைப் பற்றி இழிபேச்சும் வந்தது. பத்திரிகையாளர் டேவிட் வால்ஷ் எழுதியதை வெளியிட்ட லண்டன் சண்டே டைம்ஸ் அவதூறு வழக்கில் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. 2005-இல் ஏழாவது வெற்றியோடு மேடையேறிய ஆம்ஸ்ட்ராங், தன்னை நம்பாதவர்களுக்காக அனுதாபப்பட்டுப் பேசிவிட்டு இறங்கினார்.

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் ஆயிரம் பக்கத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களை வெளியிட்டது. 26 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். அவர்களில் 11 பேர் ஆம்ஸ்ட்ராங்கின் முன்னாள் சக வீரர்கள். 2013 ஜனவரியில் அவரே தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டிருந்தன. 1999 முதல் 2005 வரையிலான வெற்றியாளர் வரிசை இன்றும் காலியாகவே இருக்கிறது. பக்கத்தில் நின்றவர்களில் பலரும் கறைபட்டவர்கள் என்பதால் அந்த இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்றைய வீரரின் நாள்

இன்று ஒரு கட்டத்தை வென்றவர் கோட்டைத் தாண்டியதும் முதலில் பக்கத்தில் வந்து நிற்பவர் சோதனைக் குழுவின் ஆள். மாதிரி கொடுத்து முடிக்கும்வரை அவர் கண்ணை விட்டு வீரர் மறையக்கூடாது. சோதனை அறையில் மேலாடையை மார்புவரை தூக்கி, கீழாடையை முழங்கால்வரை இறக்கி, அதிகாரியின் கண்முன்னேதான் சிறுநீர் கொடுக்க வேண்டும். அக்குளில் குமிழ் ஒளிக்க இன்று வழியில்லை. மாதிரி இரண்டு குப்பிகளில் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும்.

சைக்கிளுக்கும் தனிச் சோதனை உண்டு. 2016 சைக்ளோகிராஸ் உலகப் போட்டியில் பெல்ஜியத்தின் இளம் வீராங்கனை ஒருவருக்கான சைக்கிளின் சட்டத்துக்குள் மோட்டார் கண்டுபிடிக்கப்பட்டது. அவருக்கு ஆறு ஆண்டுத் தடை. அதன்பிறகு காந்தப்புலக் கருவியும் எக்ஸ்ரேயும் பந்தயக்களத்துக்கு வந்துவிட்டன.

பந்தயம் இல்லாத நாளிலும் விடுதலை இல்லை. தினமும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று வீரர் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறு என்றால் தடை. 2008 முதல் உயிரியல் கடவுச்சீட்டு முறை நடக்கிறது. அதில் வீரரின் ரத்தத்தைப் பிறருடைய ரத்தத்தோடு ஒப்பிடுவதில்லை, அவருடைய பழைய ரத்தத்தோடுதான் ஒப்பிடுகிறார்கள். எந்த மருந்து என்று தெரியாவிட்டாலும், அது விட்டுச்சென்ற தடயம் தெரிந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் சந்தேகம் குறையவில்லை, கூடியிருக்கிறது. காரணம் எளிது. 'நான் ஒரு சோதனையிலும் சிக்கியதில்லை' என்பதுதான் ஆம்ஸ்ட்ராங் ஆண்டுக்கணக்கில் சொன்ன பதில். அந்த வாக்கியத்தின் மதிப்பை அவர் தீர்த்துவிட்டார். அதை இன்று உண்மையாகவே சொல்பவர்களுக்கும் அது உதவுவதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

2015 டூரில் பிரிட்டனின் கிறிஸ் ஃபுரூம் முதல் மலைக் கட்டத்திலேயே எல்லோரையும் பின்தள்ளிய சில நாளில், சாலையோரத்தில் நின்ற ஒருவர் அவர்மீது சிறுநீரை வீசினார். அவருடைய ஸ்கை அணி அந்த ஏற்றத்தில் அவர் வெளிப்படுத்திய திறன் அளவுகளை வெளியிட வேண்டியதாயிற்று. 2017-இல் ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தில் அவருடைய மாதிரியில் ஆஸ்துமா மருந்தான சால்புடமால் வரம்பை மீறி இருந்தது. 2018 ஜூலையில் அவர் விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு வந்தும் ஐயம் தீரவில்லை.

பொகாச்சர் இதுவரை எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அவர்மீது எந்தக் குற்றமும் நிறுவப்படவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தகும். அதேசமயம், அவருடைய அணியை நடத்தும் மௌரோ ஜியானெட்டி 2008-இல் சானியர் டுவால் அணியை நடத்தியவர் என்பதும், அந்த ஆண்டு டூரில் அந்த அணியின் ரிக்கார்டோ ரிக்கோ ஈபிஓ வகை மருந்தில் சிக்கினார் என்பதும் பதிவில் உள்ளவை. கார்பன் மோனாக்சைடை மூச்சில் இழுத்து ரத்த அளவை மதிப்பிடும் கருவியை முன்னணி அணிகள் பயன்படுத்துவது 2024-இல் வெளியே தெரிந்தது. அப்போது அது விதிக்கு உட்பட்டதே. ஆனால் தவறாகப் பயன்பட இடமுண்டு என்ற கவலையில், மருத்துவக்கூடத்துக்கு வெளியே பயன்படுத்த யுசிஐ 2025 பிப்ரவரியில் தடை விதித்தது. கேள்வி எழுந்தது, விதி மாறியது. அன்றாக இருந்தால் கேட்டவரைத்தான் மாற்றியிருப்பார்கள்.

இன்றைய வேகத்துக்கு நேரான காரணங்களும் பல. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தே வயிறு தாங்கும் என்றிருந்த நிலை போய், இன்று 120 கிராம்வரை உட்கொண்டபடி மிதிக்கிறார்கள். டயர் அகலமாகி உராய்வு குறைந்திருக்கிறது. உடையும் தலைக்கவசமும் காற்றுச்சுரங்கத்தில் சோதிக்கப்பட்டு வருகின்றன. உயரமான மலைகளில் வாரக்கணக்கில் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். இவையெல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்தை விளக்குமா? இருக்கலாம். ஒரு மலையின் நேரத்தை மட்டும் வைத்து எவரையும் குற்றவாளியாக்க முடியாது. காற்றின் திசை, அன்றைய வெயில், முன்னால் இழுத்துச் சென்ற அணி எல்லாமே கணக்கைப் புரட்டும்.

மாறியது எது?

2023 டூரின் கோம்புலூ நேரப்போட்டியில் விங்கேகோர் ஒன்றரை நிமிடத்துக்கும் மேலான இடைவெளியில் பொகாச்சரை வென்றபோது, நிருபர்கள் நேரடியாகவே கேட்டார்கள். தன் மகளுக்குக் கொடுக்கத் தயங்கும் எதையும் தான் உட்கொள்வதில்லை என்றார் அவர். இந்த விளையாட்டின் வரலாறு தெரிந்தவர்கள் சந்தேகப்படுவதைப் புரிந்துகொள்வதாகவும், சந்தேகம் நல்லதே என்றும் சொன்னார். கேட்டவர்மீது வழக்கில்லை, துரத்தலில்லை, உதட்டில் ஜிப் போடும் சைகையில்லை.

அவர் சொன்னது உண்மையா என்பதை அந்த வார்த்தைகள் நிரூபிக்காது. ஆனால் கேள்விக்கு இடம் கிடைத்துவிட்டது என்பதை அவை நிரூபிக்கின்றன. நூறாண்டில் இந்த விளையாட்டு சம்பாதித்த மிகப் பெரிய சொத்து இதுதான். எக்ஸ்ரே கருவியைவிட இது பெரிது. ஏனென்றால் பெரிய மோசடிகளை வெளியே கொண்டுவந்ததில் சோதனைக்கூடத்தின் பங்கு குறைவு. ஒரு சுங்க அதிகாரியும், ஒரு உதவியாளரும், மனம் பொறுக்காத சில வீரர்களும், விடாமல் எழுதிய சில பத்திரிகையாளர்களுமே கொண்டுவந்தார்கள்.

ஆகவே பந்தயம் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஜூலையில் ஒருவர் மலையில் தனியாகப் பறந்தால், எப்படி என்று தாராளமாகக் கேளுங்கள். திருடன் என்று சொல்ல மட்டும் ஆதாரம் வரும்வரை பொறுங்கள். வீரர்களின் மாதிரிகளைப் பத்தாண்டுவரை வைத்திருந்து, புதிய முறைகள் வந்தபின் மீண்டும் சோதிக்க விதி இடம் தருகிறது. 2024-இன் குப்பிகளை 2034 வரை திறந்து பார்க்கலாம்.