சம்பளம் தரும் வேலை, பாடம் சொல்லித்தரும் வேலை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் விமான நிலையத்தில் இரவு பதினொரு மணிக்கு மேல்தான் பரபரப்பு கூடும். யு.பி.எஸ். கூரியர் நிறுவனத்தின் சரக்கு விமானங்கள் நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். பார்சல்களை இறக்கி, ஊர்வாரியாகப் பிரித்து, போக வேண்டிய விமானத்தில் ஏற்றி, விடிவதற்குள் அனுப்பியாக வேண்டும். 'நாளைக்கே கிடைக்கும்' என்று வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கு இந்தச் சில மணி நேரத்தில்தான் காப்பாற்றப்படுகிறது. அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள். அவர்களுடைய கல்விக் கட்டணத்தை நிறுவனமும் அரசும் பகிர்ந்து கட்டுகின்றன.

இந்த ஏற்பாடு 1998-இல் தொடங்கியது. லூயிவில்லில் தன் சரக்கு மையத்தைப் பெரிய அளவில் விரிவாக்க நினைத்த யு.பி.எஸ்.ஸுக்கு ஆள் பிரச்சினை தலைவலியாக இருந்தது. நடுராத்திரி பகுதிநேர வேலைக்கு வருகிறவர்கள் நிலைப்பதில்லை. புதிதாக ஆள் பிடித்துப் பழக்கினால் அவர்களும் போய்விடுவார்கள். ஆள் கிடைக்காவிட்டால் விரிவாக்கம் வேறு ஊருக்குப் போய்விடும் என்ற கவலை மாநில அரசுக்கு. அப்போது ஆளுநராக இருந்தவர் பால் பேட்டன். மாநில அரசு, உள்ளூர் நிர்வாகம், லூயிவில் பல்கலைக்கழகம், ஜெபர்சன் சமுதாயக் கல்லூரி, ஜெபர்சன் தொழில்நுட்பக் கல்லூரி, யு.பி.எஸ். ஆகிய எல்லாத் தரப்பும் உட்கார்ந்து பேசி 'மெட்ரோபாலிட்டன் காலேஜ்' என்ற திட்டத்தை வகுத்தன. அந்த இரண்டு ஜெபர்சன் கல்லூரிகளும் பின்னர் ஒன்றாகிவிட்டன.

திட்டம் எளிமையானது. மாணவர் இரவு ஷிப்டில் வேலை பார்க்க வேண்டும். பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் பாதியை யு.பி.எஸ். ஏற்கும், மீதியை மாநில அரசும் உள்ளூர் நிர்வாகமும் ஏற்கும். மணிக்கூலி தனி. வேலையை விட்டால் கட்டண உதவியும் நின்றுவிடும்.

அமெரிக்காவில் கல்விக் கடன் எத்தனை குடும்பங்களை அழுத்துகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். கடனில்லாமல் படித்து வெளியே வருவது அங்கே சின்ன விஷயமல்ல. ஆனால் நர்ஸாகவோ கணக்காளராகவோ ஆகப் படிக்கும் ஒருவருக்குப் பார்சல் தூக்கும் வேலை அந்தத் தொழிலில் எதையும் கற்றுத்தருவதில்லை. அது சம்பளம் தருகிறது, அவ்வளவே. விடியற்காலை நாலு மணிக்கு வீடு திரும்பி, சில மணி நேரம் தூங்கி எழுந்து, வகுப்பில் கண் விழித்து உட்காரும் உடல் வலிமை எல்லோருக்கும் இருக்காது. களைத்துப் போனவர் முதலில் கைவிடுவது படிப்பைத்தான். நிறுவனத்துக்கு வேண்டியது இரவு ஷிப்டுக்கு ஆள், அது நிறைவேறிவிடுகிறது. பட்டம் கிடைத்ததா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே மாநிலத்தில், காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊர் ஜார்ஜ்டவுன். 1988 முதல் டொயோட்டா அங்கே கேம்ரி கார்களைத் தயாரிக்கிறது. அந்தத் தொழிற்சாலைக்கு வந்த தட்டுப்பாடு வேறு வகை. இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன்கள் போதவில்லை.

இந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். உற்பத்தி வரிசையில் ஒரு ரோபோ கை பாதியில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்து பார்ப்பவர் முதலில் மின்சாரத்தை நிறுத்தி, யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி பூட்டுப் போட வேண்டும். பிறகு தேடல் தொடங்குகிறது. சென்சார் தகவல் அனுப்பவில்லையா? ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் இறங்கிவிட்டதா? பேரிங் தேய்ந்துவிட்டதா? இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. நிரலில் கோளாறா? மின்சாரத்துக்கு ஒருவர், மெக்கானிக் வேலைக்கு ஒருவர், நிரலுக்கு ஒருவர் என்று ஆள் மாற்றிக்கொண்டிருந்தால் வரிசை நின்றுகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் கை வைக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவரை வகுப்பறை மட்டும் உருவாக்க முடியாது. பட்டறை மட்டும் போதாது.

அதனால் 2010-இல் டொயோட்டாவும் புளூகிராஸ் சமுதாய-தொழில்நுட்பக் கல்லூரியும் சேர்ந்து ஒரு பாடத்திட்டத்தை உருவாக்கின. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'ஃபேம்' என்ற கூட்டமைப்பு. வாரத்தில் இரண்டு நாள் முழுக்க வகுப்பு. மூன்று நாள் நிறுவனத்தில் சம்பளத்தோடு வேலை. கோடைப் பருவத்தையும் சேர்த்து ஐந்து பருவங்களில், இரண்டு ஆண்டுக்குள், அசோசியேட் பட்டம் கையில் கிடைத்துவிடும். கிடைக்கும் சம்பளத்திலேயே பெரும்பாலும் கட்டணத்தைக் கட்டிவிடலாம். மின்னியல், திரவ விசை, வெல்டிங், ரோபோ இயக்கம் ஆகியவற்றோடு பாதுகாப்பு, பணியிட ஒழுங்கு, கோளாறின் மூலத்தைத் தேடிப் போவது ஆகியவையும் பாடங்கள். நேரத்துக்கு வருவது, குழுவாக வேலை செய்வது, பேசும் விதம் எல்லாம் கவனிக்கப்படும். செவ்வாய்க்கிழமை வகுப்பில் படித்த சுற்றுவரைபடம் புதன்கிழமை வேலையில் கண்முன் நிற்கும்.

2020-இல் புரூக்கிங்ஸ் நிறுவனமும் ஆப்பர்ச்சூனிட்டி அமெரிக்கா அமைப்பும் வெளியிட்ட ஆய்வு கென்டக்கி ஃபேம் மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் படிப்பை முடித்திருந்தார்கள்; ஒப்பிடப்பட்ட மற்ற மாணவர்களில் 29 சதவீதம் பேர்தான். முடித்து ஐந்து ஆண்டுகள் கழித்து ஃபேம் பட்டதாரிகளின் ஆண்டு வருமானம் 98 ஆயிரம் டாலரை நெருங்கியது. மற்றவர்களுக்கு 53 ஆயிரம் டாலர் அளவில்தான்.

இந்த எண்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஃபேமில் விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் சேர்ந்துவிட முடியாது. நிறுவனமே நேர்முகம் நடத்தி, கணிதத்தில் தேறியவர்களாகப் பார்த்து எடுக்கிறது. நன்றாக வரக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்தால் முடிவும் நன்றாகத்தான் இருக்கும். சேர்ந்தவர்களில் வெள்ளையின ஆண்களே மிக அதிகம் என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டுகிறது. இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், வேலையும் பாடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போது மாணவர் நடுவில் விட்டுப் போவது குறைகிறது என்பதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

யோசனை புதிதல்ல. 1906-லேயே சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 27 பொறியியல் மாணவர்களை வகுப்புக்கும் தொழிற்சாலைக்கும் மாறி மாறி அனுப்பிப் பார்த்தார். 1971-இல் நியூயார்க்கில் திறக்கப்பட்ட லகார்டியா சமுதாயக் கல்லூரி தன் மாணவர்கள் எல்லோருக்கும் வேலை அனுபவத்தைக் கட்டாயமாக்கியது.

நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1996-இல் சென்னை மயிலை உயர் மறைமாவட்டம் தொடங்கிய சமுதாயக் கல்லூரி அமெரிக்க மாதிரியைப் பார்த்து, இங்குள்ள நிலைமைக்கேற்ப மாற்றி அமைக்கப்பட்டது. அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ் அதை முன்னின்று நடத்தினார். பள்ளிப் படிப்பை விட்டவர்களையும் ஏழைப் பெண்களையும் குறிவைத்து, வாழ்க்கைத் திறன், தொழில் திறன் இரண்டையும் கற்றுக்கொடுத்து, உள்ளூர் நிறுவனங்களில் பயிற்சிக்கு அனுப்பும் முறை அது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிகளுக்கு ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பாலிடெக்னிக்குகளில் மூன்றரை ஆண்டு சாண்ட்விச் டிப்ளமோ வெகுகாலமாகவே இருக்கிறது. நடுவிலும் கடைசியிலும் மாணவர் தொழிற்சாலைக்குப் போய் வருவார்.

ஆனால் 'டை-அப்' என்று விளம்பரப் பலகையில் போடுவது சுலபம். பயிற்சிக்கு என்று போகும் பிள்ளை ஆறு மாதமும் ஒரே இயந்திரத்தின் முன் நின்று பொத்தானை அழுத்திவிட்டு வந்தால், அது சொற்ப ஸ்டைபண்டுக்குக் கிடைத்த கூலியாள் கணக்குத்தான். சேர்க்கும் முன்பே பெற்றோர் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொழிற்சாலையில் மாணவருக்குப் பொறுப்பாளர் யார்? எந்தெந்தப் பிரிவுகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புவார்கள்? பாடத்திட்டத்தை வகுக்கும்போது நிறுவனத்தின் ஆள் உட்கார்ந்தாரா? ஆர்டர் குறைந்து நிறுவனம் ஆள் குறைத்தால் படிப்பு என்ன ஆகும்? இவற்றுக்கெல்லாம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும்.

ஜார்ஜ்டவுன் அனுபவத்தில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது டொயோட்டாவின் பெயரோ பணமோ அல்ல. ஃபேமில் அந்தந்த வட்டாரத்து நிறுவனங்கள் ஒரு குழுவாகச் சேர்கின்றன. ஒவ்வொன்றும் தன்னால் முடிந்தபடி ஒன்றிரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்கிறது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கல்லூரியில் ஒரே வகுப்பு. தனியாகப் பயிற்சி மையம் நடத்த வசதியில்லாத சிறு நிறுவனமும் இதில் பங்கேற்கலாம். கோவையின் பம்ப் தொழிற்கூடங்களையும் ஓசூரின் உதிரிபாகப் பட்டறைகளையும் நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே பாலிடெக்னிக் இருக்கிறது, பழுது பார்க்க ஆள் இல்லை என்ற புலம்பலும் இருக்கிறது. பத்துப் பட்டறைக்காரர்கள் ஒரு பாலிடெக்னிக் முதல்வரோடு உட்கார்ந்து, அடுத்த ஆண்டுக்கான வாரக் கால அட்டவணையைப் போட்டுப் பார்க்க அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.