ஹைபிரிட் காருக்கு சார்ஜ் எங்கே போடுறது, எவ்வளவு நேரம் ஆகும்?

"டேய், சார்ஜர் வயரே குடுக்கலைடா ஷோரூம்ல. ஏமாத்திட்டாங்க போல!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திருச்சியில் இருந்து மாமா போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். முதல் நாள்தான் புது ஹைபிரிட் கார் டெலிவரி எடுத்திருந்தார். அதற்கு ஒரு வாரம் முன்பே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, போர்ட்டிகோவில் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக், எம்சிபி எல்லாம் மாட்டி ரெடியாக வைத்திருந்தார். கார் வந்தாச்சு. சுற்றிச் சுற்றிப் பார்த்தும் பெட்ரோல் மூடியைத் தவிர வேறு மூடி எதுவும் கண்ணில் படவில்லை.

மாமாவை யாரும் ஏமாற்றவில்லை. அவர் வாங்கியது பிளக் போட்டு சார்ஜ் செய்கிற கார் இல்லை, அவ்ளோதான். நம்ம ஊரில் 'ஹைபிரிட்' என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கார்கள் ஓடுகின்றன. அதில் எது உங்களுடையது என்று தெரியாமல் 'எவ்வளவு நேரம் சார்ஜ் ஆகும்' என்று கேட்டால் பதிலே கிடைக்காது.

முதலாவது, மைல்டு ஹைபிரிட். மாருதி எர்டிகாவில் வருகிற 'ஸ்மார்ட் ஹைபிரிட்' இந்த வகை. இன்ஜினுக்கு லேசாகக் கைகொடுக்கிற சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. பேட்டரியை மட்டும் வைத்து கார் நகராது. இதில் சார்ஜ் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம்.

இரண்டாவது, ஸ்ட்ராங் ஹைபிரிட். டொயோட்டா ஹைரைடர், இன்னோவா ஹைகிராஸ், மாருதி கிராண்ட் விட்டாராவின் ஹைபிரிட் மாடல், ஹோண்டா சிட்டி ஹைபிரிட் எல்லாம் இதில் அடக்கம். மாமா வாங்கியதும் இந்த வகைதான். மெதுவாகப் போகும்போது பெட்ரோல் இன்ஜினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே சத்தமில்லாமல் ஓடும். ஆனால், சார்ஜிங் பாயின்ட் கிடையாது. தனக்கு வேண்டிய கரன்ட்டை ஓடும்போதே அதுவே தயாரித்துக்கொள்ளும்.

மூன்றாவது, பிளக்-இன் ஹைபிரிட். பெட்ரோல் டேங்க், சார்ஜிங் பிளக் இரண்டும் இருக்கும். இதைப் பிறகு பார்ப்போம்.

ஓடிக்கிட்டே எப்படி சார்ஜ் ஆகுது?

பழைய சைக்கிளில் டைனமோ இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அப்பாவிடம் கேளுங்கள். டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்ததும் லைட் எரியும், கூடவே பெடல் கனமாகிவிடும். ஹைபிரிட் காரில் நடப்பதும் அதேதான். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மெதுவாக அழுத்தினாலோ, சக்கரத்தைச் சுற்றிய மோட்டார் இப்போது டைனமோவாக மாறும். அந்தக் கனம்தான் காரின் வேகத்தைக் குறைக்கிறது. சாதாரண காரில் பிரேக் சூடாகி வீணாகப் போகிற சக்தி, இங்கே பேட்டரிக்குப் போகிறது. அது போதவில்லை என்றால் பெட்ரோல் இன்ஜினே ஜெனரேட்டர் வேலையும் பார்க்கும்.

எவ்வளவு நேரம் ஆகும்? சில நிமிடங்கள்தான். காரணம், பேட்டரி அவ்வளவு சின்னது. ஹைரைடர் ஹைபிரிட்டில் இருப்பது சுமார் 0.76 கிலோவாட் ஹவர் பேட்டரி. உங்கள் கையில் இருக்கிற போனின் பேட்டரி மாதிரி ஒரு 40 சேர்த்தால் இவ்வளவு வரும். நெக்ஸான் எலெக்ட்ரிக் காரில் இருப்பது 45 கிலோவாட் ஹவர், கிட்டத்தட்ட 60 மடங்கு. அதனால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பேட்டரியை மட்டும் நம்பி ஒரே மூச்சில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போனாலே பெரிய விஷயம். தீரும், நிரம்பும், தீரும், நிரம்பும். டிராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்குள் இப்படிப் பல முறை நடந்துவிடும். சிட்டிக்குள் மைலேஜ் கூடுவதன் ரகசியம் இதுதான்.

ஊட்டிக்குப் போய்விட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையத்துக்குள் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம் இறங்குகிறோம். நான்கு பேரோடு 1,500 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது விடுபடுகிற சக்தி சுமார் 6 கிலோவாட் ஹவர். அந்தக் குட்டி பேட்டரியைப் போல எட்டு பேட்டரியை நிரப்பலாம்! ஒரு பகுதி காற்றிலும் டயர் உராய்விலும் போய்விடும் என்றாலும், மிச்சமே பேட்டரிக்கு ரொம்ப அதிகம். சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே அது நிரம்பிவிடும். அதற்கு மேல் திடீரென்று இன்ஜின் 'உய்ய்ங்'னு சத்தம் போட்டால் பயப்படாதீர்கள். சேமிக்க இடமில்லாததால், இன்ஜினைச் சுற்றவிட்டு கார் தன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. டொயோட்டா ஹைபிரிட்களில் கியர் லீவரில் 'பி' என்று இருப்பது இந்த மாதிரி இறக்கத்துக்குத்தான். சமதளத்தில் அதைப் போட்டு ஓட்டினால் மைலேஜ் அடிவாங்கும்.

சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போடுகிற பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். டொயோட்டா ஹைபிரிட்களில் நியூட்ரலில் இருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஆகாது. ஏசி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தால் இருக்கிற சார்ஜும் இறங்கிவிடும். 'டி'யிலேயே வைத்து பிரேக்கில் கால் வைத்திருங்கள்.

பிளக்-இன் வாங்குறவங்களுக்கு

இங்கே கணக்கு சுலபம். பேட்டரியின் அளவை சார்ஜரின் பவரால் வகுத்தால் நேரம் வந்துவிடும். இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் காரை எடுத்துக்கொள்வோம். விலை கோடிகளில், சும்மா கணக்குக்குத்தான்! பேட்டரி 25.7 கிலோவாட் ஹவர். 7.4 கிலோவாட் வால்பாக்ஸில் போட்டால் கணக்குப்படி மூன்றரை மணி நேரம். நிறுவனமே சொல்வது நாலேகால் மணி நேரம். வழியில் கொஞ்சம் சக்தி வீணாகும், கடைசியில் சார்ஜிங் வேகமும் குறையும், போனில் 90 சதவிகிதத்துக்கு மேல் நகர மறுக்குமே, அந்த மாதிரி. இதே காரை வீட்டில் உள்ள 16 ஆம்பியர் பிளக்கில் 10 ஆம்பியர் இழுக்கிற போர்ட்டபிள் சார்ஜரால் சார்ஜ் செய்தால் 12 மணி நேரம் போல ஆகிவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்க வேண்டியதுதான்.

ரோட்டோர ஃபாஸ்ட் சார்ஜர் பெரும்பாலான பிளக்-இன் ஹைபிரிட்களுக்கு உதவாது. மிட்சுபிஷி அவுட்லேண்டர் மாதிரி சில கார்கள் மட்டும் விதிவிலக்கு.

வீட்டில் சார்ஜ் போடுவதாக இருந்தால், மீட்டர் போர்டில் இருந்து தனி லைன், சரியான எர்த்திங், எம்சிபி இதெல்லாம் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். மணிக்கணக்கில் தொடர்ந்து 10 ஆம்பியர் ஓடினால் லூஸான பிளக் உருகும், தீப்பிடிக்கும். 7.4 கிலோவாட் என்றால் 32 ஆம்பியர். வீட்டின் அனுமதிக்கப்பட்ட லோடு அதைத் தாங்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்காமல் வால்பாக்ஸ் மாட்டாதீர்கள்.

இன்னொரு விஷயம். பிளக்-இன் காரை வாங்கிவிட்டு சார்ஜே போடாமல் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும். ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், இந்தக் கார்கள் நிஜ ரோட்டில் வெளியிடும் கார்பன் டை ஆக்ஸைடு, சோதனைக்கூடக் கணக்கைவிட சராசரியாக 3.5 மடங்கு அதிகம் என்று இருந்தது. எதிர்பார்த்த அளவு சார்ஜ் போட்டு ஓட்டாததுதான் அதற்கு முக்கியக் காரணம். அபார்ட்மென்ட்டில் உங்கள் பார்க்கிங்கில் பிளக் கிடைக்காது என்றால், என் கருத்தில் பிளக்-இன் பக்கமே போகாதீர்கள். ஸ்ட்ராங் ஹைபிரிட் போதும்.

கார் ஸ்டார்ட் ஆகலையே!

மாமா கதையில் இரண்டாம் பாகமும் இருக்கு. பேரன் பிறந்தான் என்று மாமாவும் அத்தையும் மூன்று மாதம் சிங்கப்பூர் போய்விட்டு வந்தார்கள். வந்து பட்டனை அழுத்தினால் கார் செத்துக் கிடக்கிறது. "லட்சக்கணக்குல குடுத்து வாங்கின பேட்டரி போச்சு" என்று மாமாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பக்கத்துத் தெரு மெக்கானிக் ஒருவர் "வாங்க சார், பெரிய பேட்டரியைக் கழட்டி சார்ஜ் போட்டுத் தரேன்" என்று சொல்லியிருக்கிறார். நல்லவேளை, அதற்கு முன்னாடி எனக்கு போன் வந்தது.

போனது பெரிய பேட்டரி இல்லை. எந்த ஹைபிரிட்டிலும் சாதாரண காரில் இருப்பது போல 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக இருக்கும். காரின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது அதுதான். பூட்டி நிறுத்தினாலும் அலாரம், ரிமோட் லாக் எல்லாம் அதில் இருந்து சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அது தீர்ந்துவிட்டால், பெரிய பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் 'ரெடி' விளக்கு எரியாது. மேனுவலில் காட்டியிருக்கும் இடத்தில் ஜம்ப் ஸ்டார்ட் கொடுத்தால் முடிந்தது வேலை. மாமா கார் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டது. 12 வோல்ட் பேட்டரியை மட்டும் பிறகு மாற்ற வேண்டியிருந்தது.

பெரிய பேட்டரியில் ஓடுவது 150 வோல்ட்டுக்கும் மேல். ஆரஞ்சு கலர் வயரைப் பார்த்தாலே கையை எடுத்துவிடுங்கள். பயிற்சி இல்லாதவர் தொட்டால் உயிருக்கே ஆபத்து. தவிர, பெரிய பேட்டரிக்கு டொயோட்டாவும் ஹோண்டாவும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன. தெருமுனையில் கழற்றினால் அந்த வாரன்டியும் சிக்கலாகிவிடும்.

ஊருக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். சும்மா 'ஆன்' செய்து பாட்டு கேட்டால் சார்ஜ் இறங்குமே தவிர ஏறாது. 'ரெடி' எரிய வேண்டும். பெட்ரோலையும் சுத்தமாகத் தீரவிடாதீர்கள். பெட்ரோலும் தீர்ந்து, பெரிய பேட்டரியும் இறங்கிவிட்டால், இன்ஜினைக் கிளப்பவே ஆள் இல்லாமல் டோ வண்டிதான் வரணும்.

மாமா மாட்டிய 16 ஆம்பியர் பிளக் வீணாகவில்லை. அத்தை போன மாசம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கியிருக்காங்க. ராத்திரி அதுதான் அங்கே சார்ஜ் ஆகுது.