ஐந்து தந்தி போதும்

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் மேடையில் வாசிக்கும் டெலிகாஸ்டர் கிட்டார்கள் சிலவற்றில் ஐந்தே தந்திகள் இருக்கும். ஆறாவது அறுந்துபோனதல்ல, வேண்டுமென்றே கழற்றப்பட்டது. 1960களின் கடைசியில் அவர் ‘ஓபன் ஜி’ சுருதிக்கு மாறினார். பேஞ்சோக்காரர்களும் பழைய ப்ளூஸ் கலைஞர்களும் கையாண்ட சுருதி அது. விரலே வைக்காமல் மீட்டினாலும் ஜி மேஜர் கார்டு ஒலிக்கும். ஆனால் தடித்த ஆறாம் தந்தி மட்டும் ஆதார ஸ்வரத்துக்குக் கீழே டி-யில் நின்று முழங்கும். அதனால் அது போயிற்று.

ராக் கிட்டாரில் தாளம் வாசிப்பவருக்குப் பாதி வேலை இப்படிக் கழிப்பதுதான். காரணம் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது. மேஜர் கார்டு என்பது ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தொலிப்பது. ஒலி உறுமும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை முடுக்கினால், மீட்டாத ஸ்வரங்களும் கிளம்பும். இரண்டு அதிர்வெண்களின் கூட்டல், கழித்தல் எல்லாம் காதில் விழும். ஷட்ஜம் 110 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 165 என்றால் வித்தியாசம் 55. அது ஷட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே விழுந்து கனம் கூட்டும். நடுவே 138.6-இல் காந்தாரம் நுழைந்தாலோ 28.6, 26.4 என்று ஒன்றோடொன்று ஒட்டாத வித்தியாசங்கள். ஒரே கலங்கல்!

காந்தாரத்தையே விட்டுவிட்ட ‘பவர் கார்டு’ செல்வாக்குப் பெற்றது இதனால்தான். 1964-இல் ‘யூ ரியலி காட் மீ’ பாடலுக்காக கின்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் கூம்பை பிளேடால் கீறி அந்த உறுமலை வரவழைத்தார்.

ரிச்சர்ட்ஸ் காந்தாரத்தை விடவில்லை. ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்கவைக்கிறார். நடுவிரல் இரண்டாம் தந்தியில் ஒரு ஃப்ரெட் தள்ளியும், மோதிர விரல் நான்காம் தந்தியில் இரண்டு ஃப்ரெட் தள்ளியும் இறங்கும்; கார்டு மத்தியமத்துக்குத் தாவும். விரல்களை எடுத்தால் பழைய இடம். ‘பிரவுன் ஷுகர்’ (1971), ‘ஸ்டார்ட் மீ அப்’ (1981) இரண்டுக்கும் உயிர் இந்த இரு விரல் ஆட்டம்தான்.

ஏசி/டிசி குழுவின் மால்கம் யங் வேறு வழியில் போனார்: தடித்த தந்திகள், அளவான உறுமல், முழு கார்டுகள். கார்டுக்கும் கார்டுக்கும் நடுவே தந்திகளைச் சட்டென்று அடக்கிவிடுவார். ‘ஹைவே டு ஹெல்’ (1979) சரணத்தில் அந்த இடைவெளிகளை டிரம்ஸ் மட்டுமே நிரப்புகிறது. பல்லவி நெருங்கும்வரை பேஸ் கிட்டார்கூட வாய் திறப்பதில்லை.