ஓவர்ஹால் செய்த எஞ்சினுக்கு எந்த எண்ணெய்? கெட்டியானது எல்லாம் நல்லதல்ல

சுங்கை பட்டாணி – கெடா, குரூணில் உள்ள மோடெனாஸ் தொழிற்சாலையின் முதல் மோட்டார் சைக்கிளான கிரிஸ் 110, 1996இல் வெளிவந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆகியும் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் அந்த வண்டிகளை இன்னும் பார்க்கலாம். பழைய ஹொண்டா இஎக்ஸ்5, புரோட்டோன் சாகா, பெரோடுவா கஞ்சில் ஆகியவையும் அப்படித்தான்.

அதிகாலையில் வேலைக்காட்டுக்குக் கிளம்புபவருக்கும் கூலிம் ஹைடெக் பார்க்கில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கும் வண்டிதான் பிழைப்பு. மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர் ஒருமுறை எஞ்சினைப் பிரித்துக் கட்டினால், அந்தச் செலவு பல மாதங்களுக்குக் கையைக் கடிக்கும். அப்படிக் கட்டிய எஞ்சின் தவறான எண்ணெயால் மீண்டும் பட்டறைக்குப் போகக் கூடாது.

“பழைய வண்டி, கெட்டியான மின்யாக் ஹித்தாம் ஊற்று” என்பது பலரும் சொல்லும் அறிவுரை. தேய்ந்த எஞ்சினுக்கு அது ஓரளவு பொருந்தும். தேய்மானத்தால் பாகங்களுக்கு இடையே இடைவெளி கூடியிருக்கும். கெட்டியான எண்ணெய் அதை நிரப்பும். ஆனால் சிலிண்டரைப் போர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போட்டு, பேரிங்கையும் மாற்றிய பிறகு இடைவெளி மீண்டும் குறுகிவிடுகிறது. வண்டி பழையதாக இருந்தாலும் எஞ்சின் உள்ளே புதியது. எனவே தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவே சரி.

டின்னில் உள்ள 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற குறியீடுகளில் முதல் எண் குளிரில் எண்ணெய் ஓடும் தன்மையையும், இரண்டாவது எண் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் காட்டுகின்றன. தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெய், ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினின் மேல்பாகத்தை மெதுவாகவே சென்றடையும், இழுவையும் குறையும்.

மேல்பாகத்தை மட்டும் பிரித்துக் கட்டி, கீழே உள்ள பழைய பேரிங்கைத் தொடாமல் விட்டிருந்தால், கையேடு அனுமதிக்கும் அளவுகளில் சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுக்கலாம். என்ன மாற்றப்பட்டது என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மோட்டார் சைக்கிளில் இன்னொரு சங்கதி உண்டு. கிரிஸ், இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். காருக்கு வாங்கிய டின்னில் மிஞ்சியதை இதில் ஊற்றுவது ஆபத்து. சில கார் எண்ணெய்களில் எரிபொருளை மிச்சப்படுத்த உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலக்கப்படுகிறது. அது கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யும். முறுக்கினால் எஞ்சின் சத்தம் ஏறும். மேட்டில் வண்டி ஏறாது. டின்னில் ‘ஜாசோ எம்ஏ’ என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘எம்பி’ என்றிருந்தால் அது ஆட்டோ ஸ்கூட்டர்களுக்கு உரியது.

பழைய கார்களில் கேம் தேய்மானத்தைத் தடுப்பது எண்ணெயில் உள்ள துத்தநாக, பாஸ்பரஸ் கலவை. 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. 10டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகியவற்றுக்கு அந்த வரம்பு இல்லை. பழைய சாகாவின் கையேடு இவற்றை அனுமதித்தால் தயங்காமல் ஊற்றலாம்.

பிரித்துக் கட்டியவுடன் விலையுயர்ந்த சிந்தெடிக் எண்ணெய் தேவையில்லை. புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பொருந்தும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் எண்ணெயில் கலக்கின்றன. சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் கார்களைப் போல் காகித ஃபில்டர் கிடையாது. எண்ணெயோடு சேர்த்தே அந்தத் துகள்களை வெளியேற்ற வேண்டும். சாதாரண மினரல் எண்ணெயை ஊற்றி, மெக்கானிக் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் 500 கிலோமீட்டருக்குள் மாற்றிவிடுவது நல்லது. அதுவரை முழு வேகமும் அதிகப் பாரமும் வேண்டாம்.

புதிதாகக் கட்டிய எஞ்சின் இந்தக் காலம் கடந்தும் நீலப் புகை விட்டால், கெட்டியான எண்ணெய் ஊற்றி அதை மறைக்கக் கூடாது. அது வேலையில் உள்ள குறையின் அடையாளம். செலவான பணத்திற்கான ரசீதோடு அதே பட்டறைக்குத் திரும்பிச் சென்று கேட்பதே முறை.