யு.பி.எஸ். சாதனத்தின் 'போர்டு': மாற்றுமுன் அறிய வேண்டியவை

நெசவாளர் சங்கங்களிலும் விவசாயக் கடன் சங்கங்களிலும் கணக்குகள் கணினிக்கு மாறிவிட்டபடியால், யு.பி.எஸ். என்னும் தடையில்லா மின்வழங்கி இல்லாத அலுவலகம் இன்று அபூர்வம். மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிக்கூடங்களிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இதுவே காவல். மின்சாரம் தடைப்பட்ட க்ஷணத்தில் அங்கத்தினரின் கடன் பதிவு பாதியில் அறுந்துபோகாமலும், சேலையின் கோலம் வரி தவறாமலும் காப்பது இதன் தொழில்.

இச்சாதனம் பழுதுற்றால் நாம் பெரும்பாலும் கேட்கும் வார்த்தை, "போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்பது. பல சமயங்களில் அது உண்மையன்று. உண்மையாயிருக்கும்போதும் பாதி உண்மையே. பழைய போர்டு எரிந்த காரணத்தை அறியாமல் புதியதைப் பொருத்தினால், அதுவும் அதே வழியில் போகும். இருமுறை செலவாவது அங்கத்தினர்களின் பணம்.

அலுவலகங்களில் சாதாரணமாகக் காணப்படும் 600 வி.ஏ. அளவுள்ள சாதனத்தையே எடுத்துக்கொள்வோம். அதனுள் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று, கனத்த டிரான்ஸ்பார்மர் ஒன்று, இவ்விரண்டையும் ஆளும் மின்சுற்றுப் பலகை ஒன்று ஆகிய மூன்றே முக்கிய உறுப்புக்கள். கடைவீதியில் போர்டு என்றும் கார்டு என்றும் வழங்குவது இப்பலகையைத்தான். மின்சாரம் உள்ளபோது அது பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. மின்சாரம் நின்றதும் 'டக்' என்ற ஓசையுடன் ரிலே மாற, மாஸ்ஃபெட் எனப்படும் டிரான்ஸிஸ்டர்கள் பாட்டரியின் நேர்மின்சாரத்தை அலையாக மாற்றி டிரான்ஸ்பார்மருக்கு அனுப்புகின்றன. அங்கே அது 230 வோல்ட்டாக உயர்ந்து கணினிக்குச் செல்கிறது.

பெட்டியைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணலாகாது. வேறு பல சாதனங்களுக்கு அது பொருந்தலாம், இதற்குப் பொருந்தாது. பிளக் இல்லாமலே 230 வோல்ட் தருவதற்காகச் செய்யப்பட்ட பெட்டியல்லவா இது? பாட்டரியின் கம்பியையும் கழற்றிய பின்னரே உள்ளே கை வைக்கலாம். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எதுவும் கையில் இருத்தல் கூடாது. பாட்டரி முனைகளுக்கிடையே உலோகம் பட்டால், அந்தச் சிறு பாட்டரியும் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ச்சி மோதிரத்தைச் சிவக்கக் காய்ச்சிவிடும். பெரிய சாதனங்களில் ஆபத்து இதனினும் அதிகம். 'ஆன்லைன்' வகையின் கண்டென்ஸர்களில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம், எல்லாக் கம்பிகளையும் கழற்றிய பின்னும் பல நிமிஷங்கள் தங்கியிருக்கும். அதைத் திருப்புளியால் பொறி பறக்கத் தீர்ப்பது கெட்ட வழக்கம். 10,000 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றை நன்கு காப்பிட்ட கம்பிகளால் அரை நிமிஷம் இணைத்துவைத்து, பின்னர் மல்டிமீட்டரால் சரிபார்ப்பதே முறை. எட்டு, பதினாறு என்று பாட்டரிகளைத் தொடராக இணைத்த சாதனங்களை நம் ஊர் எலக்ட்ரீஷியன் தொடவே வேண்டாம். அவை அவற்றைச் செய்த கம்பெனியின் ஆட்களுக்கு உரியவை.

இனிப் பரிசோதனை. மின்சாரம் இருக்கும்வரை நன்றாக வேலை செய்து, நின்றதும் உடனே அணைந்துவிடும் சாதனத்தில் முதற்குற்றவாளி போர்டு அன்று, பாட்டரி. 25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாட்டரியின் ஆயுள், வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகிறது. ஓட்டு வேய்ந்த கூடத்தில் மே மாதத்தில் அதன் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருக்கும் பாட்டரியின் வோல்ட்டேஜை மட்டும் அளப்பதில் பயனில்லை. செத்த பாட்டரியும் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டி ஏமாற்றும். நன்கு சார்ஜ் ஏற்றிய பின், மோட்டார் வண்டியின் 55 வாட் முன்விளக்கு பல்ப் ஒன்றை ஐந்து நிமிஷம் அதில் எரியவிட்டு அளக்க வேண்டும். 11.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பாட்டரி நலம். 10.5-க்குக் கீழே விழுந்தால் போர்டைத் தொடாமல் பாட்டரியை மாற்றுக.

பாட்டரி நலமாயிருந்து, ப்யூஸ் போட்டவுடனே போகிறதென்றால் மாஸ்ஃபெட் ஒன்று உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மல்டிமீட்டர் அதன் முனைகளுக்கிடையே தடையே இல்லையென்று காட்டும். அவை இரண்டு மூன்றாக இணைந்து உழைப்பவையாதலால், ஒன்றை மட்டும் மாற்றாமல் அந்தப் பக்கத்தவை அனைத்தையும் மாற்றி, அவற்றின் சிறு மின்தடைகளையும் பார்க்க வேண்டும். தலை உப்பிய கண்டென்ஸர், கரிந்த ரிலே, வெடித்த ஈயப்பற்று ஆகியவை கண்ணுக்கே தெரியும். தறிக்கூடங்களில் மற்றொன்றும் உண்டு. பஞ்சுத் தூசி போர்டின்மேல் படிந்து மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, போகக்கூடாத இடத்துக்கு மின்சாரத்தை வழிநடத்தும். பல்லியும் எறும்பும் செய்யும் சேவை தனி. மெல்லிய தூரிகையால் துடைத்ததுமே உயிர்பெற்ற போர்டுகள் பல.

ஆராய்ந்தபின் மாற்றுவதே தகுமெனில், டிரான்ஸ்பார்மரையும் சோதித்தல் அவசியம். அதன் கம்பிகளையெல்லாம் போர்டிலிருந்து விடுவித்து, 230 வோல்ட் சுற்றுக்கு மட்டும் 100 வாட் இழைபல்ப் ஒன்றின் வழியாக மின்சாரம் தருக. எலக்ட்ரீஷியன்கள் 'சீரீஸ் விளக்கு' என்பது இதுவே. பல்ப் முழு ஒளியுடன் எரிந்தால் டிரான்ஸ்பார்மர் உள்ளே வெந்துவிட்டது. புதிய போர்டைக் கொன்றிருக்கக் கூடியது அதுதான்.

போர்டு வாங்கும்போது மேற்பெட்டியின் பெயர் போதாது. பலகையில் அச்சிட்ட எண்ணும், அது 12 வோல்ட்டுக்கா 24 வோல்ட்டுக்கா என்பதும் ஒத்திருக்க வேண்டும். பழையதைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் சீட்டு ஒட்டுக. டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் பல நிறக் கம்பிகளில் ஒன்று இடம் மாறினாலும், பாட்டரியின் சிவப்பும் கறுப்பும் மாறினாலும், அன்று வாங்கிய போர்டு அன்றே குப்பைக்குப் போகும். மாஸ்ஃபெட்டுக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே காப்புத்தாள் இருந்திருந்தால் அதை மறவாது திரும்ப வைக்க வேண்டும்.

முதன்முறை இயக்கும்போது பாட்டரியின் கம்பியை நேரே கொடாமல் அதே முன்விளக்கு பல்ப்பின் வழியாகக் கொடுப்பது நல்லது. பல்ப் மங்கலாக எரிந்தால் சரி. பிரகாசித்தால் உடனே நிறுத்துக. பின்னர் நேராக இணைத்து, வெளிச்சுவர் மின்சாரத்தில் பாட்டரி முனையில் 13.5 முதல் 13.8 வோல்ட் வரை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இங்கே அனுபவசாலிகளும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இவ்வகைச் சிறு சாதனம் பாட்டரியில் தரும் அலை வட்டமான அலையன்று. படிப்படியான சதுர அலை. சாதாரண மல்டிமீட்டர் அதைச் சரியாக அளவிடாது. உண்மையில் 230 வோல்ட் இருக்கையில் 180 வோல்ட் சுமாராகவே காட்டக்கூடும். அதைக் கண்டு 'குறைவாயிருக்கிறது' என்று போர்டிலுள்ள திருகை ஏற்றிவிடுவோர் கணினியின் உயிருக்கு உலைவைக்கிறார்கள். 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று குறித்த மீட்டரால் மட்டுமே இதை அளக்க வேண்டும். முதல் பளுவாகக் கணினியை இணைக்காமல் இழைபல்ப் ஒன்றை அரைமணி நேரம் எரியவிடலாம்.

கழற்றிய பாட்டரியில் ஈயமும் கந்தக அமிலமும் இருப்பதால் அதைக் குப்பையில் எறிதலும், உடைத்து ஈயம் எடுப்பாரிடம் கொடுத்தலும் கூடா. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி விற்பனையாளர் வழியாகவோ, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். பழைய போர்டை உடனே தள்ளிவிடாமல் அதன் நல்ல ரிலேயையும் கண்டென்ஸர்களையும் எடுத்துவைத்துக்கொள்க. மாற்றிய தேதியையும் பாட்டரியின் வயதையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிடுக.