முத்துக்கடலில் சிலுவை யுத்தம்

ஒன்பதாம் வகுப்பில் சிலுவை யுத்தங்களைப் பற்றிப் பாடம் நடத்துவதைப் போல் எளிதான காரியம் வேறொன்றில்லை என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். தேதிகள் சில, அரசர்கள் சிலர், சுவரில் மாட்ட ஒரு தேசப்படம். மணி அடிப்பதற்குள் முடித்துவிடலாம். சென்ற வருஷம் அந்த எண்ணம் மாறிற்று. 1099-ஆம் ஆண்டு ஜெருசலேம் நகரம் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சிலிருந்த மணக்குடிப் பையன் ஒருவன் எழுந்து, "அப்போ நாங்க ஜெயிச்சோமா, ஸார்?" என்று கேட்டான். இரண்டு பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருந்த இடலாக்குடிப் பையன் சும்மா இருப்பானா? புஸ்தகத்தில் அடுத்த பக்கத்தை முன்னமே பார்த்துவிட்டான் போலும். "பொறு, 1187 வரட்டும். அப்புறம் நாங்கதான்!" என்றான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும்போது அந்த 'நாங்கள்' என்னோடு கூடவே வந்தது. எதிரில் நிற்பவனையும் சேர்த்துக்கொள்வதற்கு 'நாம்' என்றும், அவனை விலக்கி நிறுத்துவதற்கு 'நாங்கள்' என்றும் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. மணக்குடிக்கும் இடலாக்குடிக்கும் இடையே சில மைல் தூரந்தான். பாலஸ்தீனமோ கடல் பல கடந்து இருக்கிறது. அங்கே ஒன்பது நூற்றாண்டுக்கு முன் வாளெடுத்தவர்களோடு 'நாங்கள்' என்று உறவு கொண்டாட இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தோன்றியது?

யுத்தத்தின் கதையை வாசகர்கள் அறிவார்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 1095-இல் பிரான்ஸ் தேசத்துக் கிளெர்மான்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அறைகூவலைக் கேட்டு, புண்ணிய பூமியை மீட்கப் படைகள் புறப்பட்டன. 1099 ஜூலையில் ஜெருசலேமைப் பிடித்த படை, அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் கூட்டங்கூட்டமாக வெட்டி வீழ்த்தியது. எண்பத்தெட்டு வருஷம் கழித்து ஸலாஹுத்தீன் அந்நகரை மீட்டபோது அத்தகைய படுகொலை நடக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்று மீட்புப்பணம் வாங்கிக்கொண்டு ஜனங்களை வெளியேற விட்டார். பணம் கட்ட வகையற்றவர்களில் பலர் அடிமைகளாயினர் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1202-இல் புறப்பட்ட சிலுவைப் படையோ ஜெருசலேம் பக்கமே போகாமல், 1204-இல் கான்ஸ்டான்டிநோபிள் என்னும் கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடியது. அந்தப் படை வெனிஸ் நகரத்தாருக்குக் கப்பல் செலவு பாக்கி வைத்திருந்தது! 1291-இல் ஆக்கர் துறைமுகமும் முஸ்லிம்கள் கைக்குப் போயிற்று.

பாடப் புஸ்தகம் இத்துடன் நின்றுவிடுகிறது. யுத்தம் நிற்கவில்லை என்பதே நாஞ்சில் நாட்டார் அறிய வேண்டிய விஷயம்.

புண்ணிய பூமியில் போர் செய்வதற்கென்றே 'டெம்ப்ளர்' என்னும் துறவி வீரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. 1312-இல் போப் அதைக் கலைத்தார். போர்த்துகல் அரசன் அதன் சொத்துக்களைக் கொண்டு 1319-இல் 'கிறிஸ்து சங்கம்' என்ற புதிய சங்கத்தை நிறுவினான். அதற்குப் பிற்காலத்தில் தலைவராக இருந்து, ஆப்பிரிக்கக் கரையோரமாகக் கப்பல்களை அனுப்பியவர்தாம் இளவரசர் ஹென்றி. 1498-இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தபோது அவருடைய கப்பற்பாய்களில் தீட்டியிருந்தது அந்தச் சங்கத்தின் செஞ்சிலுவையே. மிளகு வியாபாரத்தைக் கைப்பற்றி எகிப்து சுல்தானின் வருமானத்தை அடைக்க வேண்டும். பிறகு செங்கடல் வழியாகச் சென்று ஜெருசலேமை மீட்க வேண்டும். மானுவேல் மன்னன் கண்ட கனவு இது. 1502-இல் காமா மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றிவந்த கப்பல் ஒன்றைப் பெண்களோடும் குழந்தைகளோடும் நடுக்கடலில் கொளுத்தினார். ஜெருசலேமின் நெருப்பு மலையாளக் கரைக்கு வந்து சேர்ந்த நாள் அது.

அங்கிருந்து குமரிமுனையைச் சுற்றி வந்தால் முத்துக்குளித்துறை. இங்கே நிலைமை வேறு. குமரியிலிருந்து வடகிழக்காக நீண்டு செல்லும் இக்கரையில் மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கியவர்கள் பரதவர். காயல் முதலிய பட்டினங்களில் முத்தும் குதிரையும் வியாபாரம் செய்து, குளிப்பின் மீது அதிகாரம் செலுத்தியவர்கள் முஸ்லிம் வணிகர். இரு சாராரும் தமிழ் பேசியவர்கள். ஒரே கடலை நம்பிப் பிழைத்தவர்கள். சச்சரவு என்னவென்றால், யார் குளிப்பது, யாருக்கு எவ்வளவு, வரி யாருக்கு என்பதே. 1530-களில் அது கைகலப்பாக முற்றிற்று. ஒரு பரதவப் பெண்ணின் காதணியை ஒருவன் பறித்ததே தொடக்கம் என்று பழங்கதை கூறுகிறது. கள்ளிக்கோட்டைக்காரரான ஜுவாங் ட குரூஸ் என்னும் குதிரை வியாபாரி, கொச்சியிலுள்ள பறங்கியரிடம் அடைக்கலம் புகும்படி பரதவர்க்கு யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றார்கள். 1537-க்குள் கரையூர்கள் பலவும் அவர்களைப் பின்பற்றின.

1538-இல் மண்டபத்துக்கு அருகேயுள்ள வேதாளையில் போர் நடந்தது. சாமூதிரிக்காகக் கப்பலோட்டிய மரக்கார்களின் படையை மார்ட்டிம் அபோன்ஸோ ட ஸௌஸா முறியடித்தார். முத்துக்கடல் போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அவர்களுடைய சரித்திரக்காரர்கள் இதை மதத்தின் வெற்றியாக எழுதினார்கள். மலையாளக் கரையில் ஷேக் ஜைனுத்தீன், பறங்கியரை எதிர்ப்பது மார்க்கக் கடமை என்று அரபு மொழியில் நூல் செய்தார். இரு பக்கத்துக்கும் பெயர் கிடைத்துவிட்டது. முத்து யாருக்குக் கிடைத்தது என்று பார்த்தால், பரதவர்க்கும் இல்லை, மரக்காயர்க்கும் இல்லை. பரதவரிடம் வசூலித்த பணத்தில் ஒரு பகுதி போர்த்துகல் ராணியின் மிதியடிச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது! புனித சவேரியார் ராணிக்கே கடிதம் எழுதி, அந்தப் பணத்தை இக்கரைக் குழந்தைகளுக்கு வேதம் கற்பிக்கும் உபதேசியார்களுக்குத் தரும்படி கேட்டுக்கொண்டார்.

சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542-இல். கையில் மணியடித்துக்கொண்டு, தமிழில் பெயர்க்கப்பட்ட ஜெபங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடி ஊர் ஊராக நடந்தார். போர்த்துக்கீசிய அதிகாரிகளின் அக்கிரமங்களைக் குறித்து அவர் மனம் கசந்து எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. 1544 ஜூன் மாதம் குமரிமுனையில் பெரும் ஆபத்து நேர்ந்தது. குதிரைப்படை ஒன்று கரையூர்களின் மேல் பாய்ந்தது. உயிர் தப்பிய ஜனங்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறிக்கொண்டு, வெயிலில் பசியாலும் தாகத்தாலும் வாடினார்கள். துரத்தியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். விஜயநகரத்தைச் சேர்ந்த வடுகப் படையினர். சிலுவைக்கும் பிறைக்கும் சண்டை என்று எழுதிவைத்த ஏட்டில் இந்தப் பாறைகளுக்கு இடமே இல்லை. சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு உதவிக்குப் புறப்பட்டார். காற்று எதிர்த்து அடித்தது. துடுப்பு வலித்தும் முனையை அடைய முடியவில்லை.

கோட்டாற்றுக்கு அருகே அவர் சிலுவையைக் கையிலேந்தி நின்று வடுகப் படையைத் திருப்பியனுப்பினார் என்பது கர்ண பரம்பரை. வேணாட்டரசர் மகிழ்ந்து அவரை 'வலிய பண்டாரம்' என்று அழைத்தாராம். பெயரைக் கவனியுங்கள்! வெள்ளைக்காரத் துறவியை நாஞ்சில் நாடு தனக்குத் தெரிந்த சொல்லால் உறவாக்கிக்கொண்டது. டிசம்பர் 3-ஆம் தேதி முடியும் கோட்டாற்றுத் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் அடக்கத்தலத்தில் ஆண்டுதோறும் இரவெல்லாம் ஓதப்படும் ஞானப்புகழ்ச்சி தமிழ்ப் பாடலே. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர். கதர் உடுத்திய தேசபக்தர். வள்ளலாரின் அருட்பாவுக்காக வாதாடிய முஸ்லிம். இடலாக்குடிப் பையன் 'நாங்கள்' என்று மார்தட்ட வேண்டுமானால் ஸலாஹுத்தீன் வரை போவானேன்? பாவலர் அவன் தெருவிலேயே இருக்கிறாரே!

மறு வாரம் பாடத்தை மறுபடி எடுத்தேன். தேசப்படத்தில் ஜெருசலேமிலிருந்து லிஸ்பனுக்கும், லிஸ்பனிலிருந்து கள்ளிக்கோட்டைக்கும் கோல் நகர்ந்து குமரியில் வந்து நின்றது. பாறையில் ஏறிய ஜனங்களின் கதையைச் சொன்னேன். இம்முறை யார் ஜெயித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இடலாக்குடிப் பையன்தான் எழுந்தான்.

"இருபது தோணி இருந்தும் ஏன் ஸார் தண்ணி கொண்டுபோய்க் குடுக்க முடியல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் முதல் பெஞ்சிலிருந்து மணக்குடிப் பையன் திரும்பினான்.

"ஆனி மாசக் காத்துல தோணி அந்தப் பக்கம் போகாதுலே, மக்கா. எங்க அப்பாவும் அப்போ கடலுக்குப் போகமாட்டாரு."