உறுதி எழுதுமுன்

நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்த இரத்தோட்டையில் ஒரு வீடு விலைக்கு வருகின்றதென்று வைத்துக்கொள்வோம். வாங்க விரும்புபவர் முற்பணம் கொடுத்து, வெறுந்தாளில் பற்றுச்சீட்டும் பெற்றுக்கொள்கிறார். அன்றிரவு முதல் அவருக்கு உறக்கமில்லை. வேறொருவர் அதிக விலை சொல்லிவிட்டால் என் செய்வது?

அவ்வச்சம் வீண் அச்சமன்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் காணியை விற்பதற்கு மட்டுமன்றி, விற்பதாக உடன்படுவதற்கும் எழுத்தையும், நொத்தாரிசையும், இரு சாட்சிகளையும் வேண்டி நிற்கின்றது. இதற்கு முன்னோடியான 1677ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்துக்குக் கையொப்பமிட்ட ஒரு குறிப்பே போதுமாயிருந்தது. இலங்கையில் அது போதாது. பற்றுச்சீட்டு கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க உதவும். வீட்டைக் கேட்க உதவாது.

தெரிந்த மனிதரிடம் நொத்தாரிசை அழைத்துச் செல்வது மரியாதைக் குறைவென்று பலர் கருதுகின்றனர். பிற்பாடு அவரோடு பகைப்பதினும் அது நன்றன்றோ? விலை, முற்பணம், உறுதி முடிக்கும் தவணை ஆகியவற்றை நொத்தாரிசு முன் உடன்படிக்கையாக எழுதி, மாத்தளைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவித்தல் வேண்டும். ஏனெனில், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாது கிடக்கும் முந்திய ஆவணத்தை, பெறுமதி கொடுத்துப் பெற்று முதலிற் பதிந்த பிந்திய ஆவணம் வென்றுவிடும். மோசடி காட்டப்பட்டாலன்றி அதனை அசைத்தல் அரிது.

பதிவேட்டைப் பார்வையிடும்போது பழைய ஈடு ஏதேனும் வெளிப்படவும் கூடும். முற்பணம் கொடுக்குமுன் ஒருமுறையும், உறுதி முடிக்கும் நாளில் மறுமுறையும் அதனைப் பார்ப்பவருண்டு.